நிற்க அனுமதி பெற்ற மரம்

மாத்ரித் நகரின் பிராடோ சாலையில் மாலை எட்டு முதல் பத்து வரை யாரும் நிற்கக் கூடாது என்று ஆணை வந்தபோது நாங்கள் அதை மகிழ்ச்சியுடன் வரவேற்றோம். கேட்டதே நாங்கள்தான்.

வெயில் தாழ்ந்ததும் குளித்து, சட்டை மாற்றி, அந்தச் சாலைக்கு உலாவ வருவது எங்கள் வழக்கம். அருங்காட்சியகத்தில் தொடங்கித் தோட்டத்து வாசல்வரை பிளேன் மர நிழலிலேயே போகலாம். சாதாரணப் பேச்சை நடந்துகொண்டே பேசுவோம். முக்கியமான பேச்சு வந்தால் நின்றுவிடுவோம். மைத்துனியின் பல்வலியும் முக்கியமான பேச்சுதான். பின்னால் வருகிறவர் முதுகில் வந்து மோதுவார். இப்படி மோதியவர்கள் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தோம். நிற்கிறவர்கள் எப்போதும் மற்றவர்கள்தானே.

உலாவல் மரபுப் பேணல் வாரியம் புகாரைக் கனிவுடன் பரிசீலித்தது. உலாவுதல் என்பது நடத்தல். நிற்பவர் நடப்பதில்லை. எனவே நிற்பவர் மரபுக்கு ஊறு விளைவிக்கிறார். பெஞ்சுகள் அகற்றப்பட்டன. உட்காருவது நிற்பதன் முற்றிய நிலை என்று இயக்குநர் காலிண்டோ விளக்கம் அளித்தார்.

பிறகுதான் மரங்களும் நிற்கின்றன என்பது வாரியத்தின் கவனத்துக்கு வந்தது. பல கூட்டங்களுக்குப் பின் மரங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒவ்வொரு பிளேன் மரத்தின் கழுத்திலும், அதாவது கழுத்து என்று வாரியம் தீர்மானித்த இடத்தில், 'நிற்க அனுமதி பெற்றது' என்ற அட்டை தொங்கியது.

இதில் மாட்டிக்கொண்டவர் எவரிஸ்டோ, நாங்கள் மரியாதையாக அழைப்பதுபோல் டோன் எவரிஸ்டோ. அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் பக்கத்தில் நின்று "தொடாதீங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். தோட்டத்து வாசலில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற டோன்யா கசில்டாவுடன் தினமும் உலாவுவார். கசில்டாவிடம் கேட்க வேண்டிய ஒன்று எவரிஸ்டோவின் மனதில் வெகுநாளாக இருந்தது.

"டோன்யா கசில்டா, உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஒருநாள் நின்றார்.

விசில் பறந்தது. ஊதியவள் வாரியத்தின் காவல்காரி நியேவெஸ்.

"தாத்தா, நடங்க."

"முக்கியமான விஷயம்மா."

"எல்லாருக்கும் முக்கியம்தான். இப்பத்தான் ஒருத்தர் பூனைக்கு வயித்தால போகுதுன்னு நின்னாரு."

"நடந்துகிட்டே சொல்லுங்களேன்," என்றார் கசில்டா.

"நடந்துகிட்டே கேக்குற விஷயமில்ல."

கசில்டாவுக்குக் காது சிவந்தது. நடையை வேகப்படுத்தினார்.

மறுநாள் எவரிஸ்டோ வாரியத்துக்குப் போய் நிற்க அனுமதி கேட்டார்.

"என்ன இனம்?" என்றார் எழுத்தர்.

"மனுஷன்."

"அதுக்கு இங்க இடமில்ல. பிளேன், செஸ்ட்நட், தேவதாரு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"பிளேன்."

"பறவைக்கூடு?"

"இல்ல."

"இலை உதிருமா?"

எவரிஸ்டோ தொப்பியைக் கழற்றிக் காட்டினார். எழுத்தர் ஒருகணம் பார்த்துவிட்டு, "உதிரும்," என்று எழுதிக்கொண்டார்.

அன்று மாலை எவரிஸ்டோ கழுத்தில் அட்டையுடன் சாலை நடுவில் நின்றார். நியேவெஸ் அட்டையைப் படித்துவிட்டு விசிலை இறக்கினாள். ஒரு நாய் அட்டையை நம்பிப் பக்கத்தில் வந்து காலைத் தூக்கியது. கசில்டாவுக்கு அட்டை இல்லை. நிற்க முடியாது. ஆகவே அவரைச் சுற்றி வந்தார்.

"டோன்யா கசில்டா, நாம ரெண்டு பேரும்..."

"முன்னாடி வரும்போது சொல்லுங்க. முதுகுப் பக்கம் ஒண்ணும் கேக்கல."

அடுத்த சுற்றில், "தனித்தனியா சமைக்கிறதுக்குப் பதிலா..."

அதற்கடுத்த சுற்றில், "கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கசில்டா மூச்சு வாங்க ஒரு முழுச் சுற்று வந்தார்.

"நீங்க மட்டும் சொகுசா நின்னு கேப்பீங்க. நான் ஓடிகிட்டே பதில் சொல்லணுமா? நானும் நின்னுதான் சொல்லுவேன்."

மறுநாள் காலை அவரும் மரமாவதற்காக வாரியத்துக்குப் போனார். அங்கே வாசலைத் தாண்டி வரிசை நீண்டிருந்தது. வரிசையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஆளுக்கொரு முக்கியமான பேச்சு பாக்கி இருந்தது. எழுத்தர் காலைக் காபிக்குப் போயிருந்தார். எவரிஸ்டோவும் கழுத்தில் அட்டையுடன் வந்து கசில்டா பக்கத்தில் நின்றார். யாரோ சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக் கைமாற்றினார்கள். தோலைத் துப்பியபடி காத்திருந்தோம்.

கசில்டா தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"நியேவெஸ், நாம எல்லாரும் இப்ப என்ன பண்ணிட்டிருக்கோம்?"

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நியேவெஸ், "நிக்கறோம்," என்றாள்.

"விசில் ஊத மாட்டியா?"

"ஆபீஸ்ல நிக்காம வேற என்ன பாட்டி பண்ண முடியும்?"

கசில்டா எவரிஸ்டோ பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் திறந்தது.

"அடுத்தது யாரு?" என்றார் எழுத்தர். யாரும் நகரவில்லை. "அட, வாங்க."

"கொஞ்சம் பொறுங்க ஐயா. முக்கியமான பேச்சு ஓடுது," என்றார் முன்னால் நின்றவர். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது.

"சரி," என்றார் கசில்டா. "ஆனா மரத்தை எல்லாம் வீட்டுக்குள்ள விட மாட்டேன். அட்டையைக் கழட்டுங்க."

இப்போதெல்லாம் பிராடோ சாலையில் மரங்கள் மட்டுமே, முறையான அனுமதியுடன், நிற்கின்றன. ஆணை முழு வெற்றி பெற்றதற்காகக் காலிண்டோவுக்குப் பதக்கம் கிடைத்தது. நாங்கள் தினமும் குளித்து, சட்டை மாற்றி, வாரியத்தின் வரிசைக்குப் போகிறோம். கூட்டத்தைக் குறைக்க இன்னொரு கவுண்டர் திறக்கப்போவதாக வாரியம் அறிவித்திருக்கிறது. அலுவலக வரிசைகளில் எங்களை எவ்வளவு நேரம்தான் நிற்க வைப்பார்கள் என்று காலமெல்லாம் திட்டிய நாங்கள் அத்தனை பேரும், அதைத் திறக்கவே கூடாது என்று மனுவில் கையெழுத்திட்டிருக்கிறோம். மனுவை மெதுவாகப் பரிசீலித்தால் போதும் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.