பத்து மணிக்குள் ஏழையாகணும்

பத்து மணிக்குள் ஏழையாகிவிடுவது என்று சுந்தரலிங்கம் முடிவெடுத்தார்.

மனிதர் ஏற்கெனவே ஏழைதான். அதில் சந்தேகமே வேண்டாம். பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியமாட்டேன் என்கிறது. தொழில் அப்படி. தெஹியோவிட்ட பஜாரில் கல்யாணச் சாமான் வாடகைக் கடை. கதிரை, மேசை, அண்டா, அடுப்பு, தட்டு, ஒலிபெருக்கி. கொரோனா வந்தது, கல்யாணம் நின்றது, கோயில் திருவிழாவும் நின்றது. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த சாமான் மொத்தமும் கடைக்குத் திரும்பி வந்து கூரை முட்ட ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ரோட்டுல போறவன் எட்டிப் பார்த்துட்டு, முதலாளிக்கு என்ன குறைச்சல்னு கும்புட்டுட்டுப் போறான் பரிமளம். எனக்கு வயிறு எரியுது!"

"எரியட்டும். அடுப்புதான் எரியல, அதாவது எரியட்டும்" என்றாள் பரிமளம்.

வாசலில் பெரிய போர்டு ஒன்று உண்டு: 'சாமான்களைக் கழுவாமலே திருப்பித் தரலாம்.' மற்றக் கடைக்காரர்களை மண் கவ்வ வைக்க சுந்தரலிங்கத்தின் சொந்த மூளையில் உதித்த வாசகம். அப்போது கழுவுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார். இப்போது ஆள் இல்லை, போர்டு இருக்கிறது.

இந்த மாதமும் கடைக்கூலி கட்டாவிட்டால் கட்டடக்காரர் சாவியை வாங்கிவிடுவார். சாவி போனால் திரும்பவும் தோட்டம்தான். அண்ணனைப் போல நாலு மணிக்கு எழும்பி, நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டு றப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போகவேண்டும். அந்த நாலு மணிக்குப் பயந்துதான் அவர் பஜாருக்கே ஓடி வந்தவர். நினைத்தாலே அவருக்குக் கொட்டாவி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிறு தொழில்காரர்களுக்கு அரசாங்க உதவி என்று ஒரு பேச்சு அடிபட்டது. என்ன உதவி, யாருக்கு உதவி? ஒருத்தருக்கும் தெரியாது. ரேடியோவில் கடன் என்றார்கள். மருந்துக்கடை வரிசையில் சும்மாவே தருகிறார்கள் என்றார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக்கடை ஹஸன் நானா, "விழுந்தவனுக்குத்தானாம்" என்றார். மறுநாள் அவரே வந்து, "இல்ல சுந்தரம், நிக்கிறவனுக்காம்" என்றார்.

"நானா, இப்ப நான் விழுந்திருக்கேனா, நிக்கிறேனா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க உக்காந்தில்ல இருக்கீங்க."

கடைசியில், உதவி ஆபீஸிலிருந்து கடைகளைப் பார்க்க ஒரு மிஸ் வருகிறார், நாளைக்குப் பத்து மணிக்கு என்று தெரிந்தது. அந்தக் கணத்தில்தான் சுந்தரலிங்கம் அந்த மகத்தான முடிவுக்கு வந்தார். கூரை முட்டச் சாமான் வைத்திருக்கிறவனுக்கு எந்தப் பைத்தியம் உதவி தரும்? கடையைக் காலி பண்ணவேண்டும்!

பரிமளம் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். ரெண்டு மாதமாக அவளுக்கும் அவருக்கும் அண்டாவால்தானே சண்டை. "சும்மா கிடக்குதுல்ல, குடுங்க. பார்சல் சோறு ஆக்கி விக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரங்க, பேங்க்காரங்க எல்லாரும் மத்தியானச் சோத்துக்கு அலையிறாங்க" என்பாள்.

"வாடகைச் சாமானைச் சொந்த வீட்டுல அடுப்பேத்தினா கடை விளங்குமா? வெத்தலை வச்சு அட்வான்ஸ் குடுக்காம என் கடையில ஒரு கரண்டி நகராது. எனக்குத் தொழில் பழக்கின முதலாளி சொன்னது."

"வெத்தலை வாங்கிட்டா?"

"வாங்கினா வாங்கினதுதான். அப்புறம் மந்திரியே வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன்!"

ஆனால் இன்றைக்கு அதிசயம், அவள் சண்டையே போடவில்லை.

"நல்ல யோசனைங்க. ஹஸன் நானா வீட்டுப் பின்வளவுல கொண்டுபோய் வச்சிருவோம். அவரு சம்சாரம் றஸ்மியாக்காகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"நான் இப்பத்தானே யோசிச்சேன். நீ எப்பச் சொன்ன?"

"நீங்க யோசிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பெண்டாட்டி தன் மூளையை மெச்சிவிட்டாளே! அந்தக் குளிர்ச்சியில் அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் கைவண்டியில் அவரே ஏற்றி, அவரே தள்ளி, அவரே இறக்கினார். முதலில் அண்டாவையும் அடுப்பையும் கொண்டுபோகச் சொன்னாள் பரிமளம். கொண்டுபோனார். இருந்ததிலேயே கிழிந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டார். கடைசியாக, ஒரு வெத்தலையில் நோட்டு ஒன்றை மடித்து வைத்து நீட்டினாள்.

"நல்ல காரியம், வெறுங்கையோட நிக்காதீங்க. பிடிங்க."

இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவம் மனுஷன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

நிலுஷா மிஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் பேசுவார். வெறும் கடையைச் சுற்றிப் பார்த்தார். சுந்தரலிங்கம் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கிழிசல் தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்றார்.

"பாருங்க மிஸ். ஒரு கரண்டி இல்ல."

"ஷா!" என்றார் மிஸ். "முதலாளிக்குப் பிஸ்னஸ் ஹொந்தாய் நே, நல்லா ஓடுது! எங்க அக்காட வெடிங் நேரமும் உங்க கடை இப்படித்தான் காலி. சாமான் ஒக்கம, எல்லாம் வாடகைக்குப் போயிருந்தது. கொரோனாவிலயும் இப்படி ஓடுதா? அப்ப உங்களுக்கு உதவி ஓன நே, தேவையில்ல."

சுந்தரலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட கடவுளே! வாடகைக் கடையில் காலி என்றால் கொழுத்த வியாபாரம் என்று அர்த்தமாயிற்றே. இருபது வருஷமாக இதே தொழில், இது எப்படி மண்டையில் ஏறாமல் போனது?

"ஐயோ மிஸ், வாடகைக்குப் போகல!"

"அப்ப வித்திட்டீங்களா? வித்தா கடை இல்லையே. கடை இல்லாட்டி உதவி இல்ல."

"விக்கல மிஸ்!"

"அப்ப எங்கே?"

"இருக்குங்க..."

"இருந்தா ஏன் கடையில இல்ல?"

வாடகைக்குப் போயிருந்தால் பணக்காரன். விற்றிருந்தால் கடைக்காரனே இல்லை. ஒளித்து வைத்திருந்தால் கள்ளன். நாலாவதாக ஏதாவது ஒன்று இருக்குமா என்று தேடினார். அகப்படவில்லை.

"மிஸ், நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னா குடுப்பீங்க?"

மாஸ்க்குக்குள் மிஸ் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வளவிலிருந்து பருப்புத் தாளிக்கிற வாசம் கமகமவென்று வந்தது. மிஸ் அந்தப் பக்கம் நடந்தார்.

"அங்க போகாதீங்க மிஸ்! அங்க ஒண்ணுமே இல்ல!" என்று பின்னாலேயே ஓடினார்.

அங்கே எல்லாமே இருந்தது. அவருடைய அடுப்பில் அவருடைய அண்டா. அண்டா நிறையச் சோறு. அவருடைய கரண்டியோடு பரிமளம். றஸ்மியாக்கா பார்சல் கட்டினார், ஹஸன் நானா காசு வாங்கினார். அவருடைய கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, சோத்துக்கு வந்த சனம் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தது.

"ஏய்! யாரைக் கேட்டு அடுப்பேத்தின?"

"உங்களைக் கேட்டுத்தான். சட்டைப் பையைப் பாருங்க."

பார்த்தார். வெத்தலை. நோட்டு.

"அட்வான்ஸ் வாங்கிட்டீங்க. வாங்கினா வாங்கினதுதான்னு சொன்னது யாரு?"

"ரெண்டு கையாலயும் வாங்கினாரு. நான் பார்த்தேன்" என்றார் ஹஸன் நானா.

மிஸ்ஸுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "கஷ்டத்துல தொடங்கின தொழில்! இப்படித்தான் நாங்க தேடுறோம். அக்கா, பேர் சொல்லுங்க. மேல அனுப்புறேன்."

"பரிமளங்க. சாமான் இவரு கடையில வாடகைக்கு எடுத்தது. நல்ல கடைதான் மிஸ். ஆளுதான் கொஞ்சம் குழம்பிப் போயிருக்காரு."

பின்னேரம் வாடகைப் பணம் கைக்கு வந்தது. இப்படி நாளுக்கு நாள் வந்தால் கடைக்கூலி கட்டிவிடலாம். சாவி தப்பியது! தோட்டம் வேண்டாம், டோர்ச் வேண்டாம், அந்த நாசமாய்ப்போன நாலு மணி வேண்டவே வேண்டாம். தோற்றாலும் பரவாயில்லை என்று சுந்தரலிங்கம் நிம்மதியாகக் காலை நீட்டினார். அப்போதுதான் கைவண்டி வந்து நின்றது. அடி கரிபிடித்து, உள்ளே சோறு ஒட்டிக் காய்ந்துபோய், அண்டா அத்தனையும் அதில் இருந்தது.

"என்ன பரிமளம், கழுவலையா?"

பரிமளம் கரண்டியால் வாசல் போர்டைக் காட்டினாள். பிறகு இன்னொரு வெத்தலையில் நோட்டை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கும் எல்லாம் வேணுங்க. அஞ்சு மணிக்கு உலை வைக்கணும்."

சுந்தரலிங்கம் நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, தேங்காய்நாரைத் தேடப் போனார்.