ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்

வாசகரே, சிட்னியில் செழித்து வளரும் தமிழ் இனங்களில் இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப்போவது 'சோபா நீதிபதி'. இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஹரிஸ் பார்க்கில் ஏதாவது ஓர் இனிப்புக் கடையில் தேநீர் சொல்லிவிட்டு உட்காருங்கள், அவரே வந்து சேருவார். யார் வீட்டுப் பெண் ஏன் வேலையை விட்டாள், எவர் மகன் மருத்துவத்துக்குப் போகாமல் ஏன் சமையல் படிக்கிறான், இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி ஏன் இப்போது இரண்டு வீட்டில் இருக்கிறார்கள், அதில் தப்பு யார் பேரில் என்பதையெல்லாம் சாட்சி, குறுக்கு விசாரணை போன்ற தொல்லைகள் எதுவும் இல்லாமல் தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். மேல்முறையீடு கிடையாது.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு வாக்கியம் போதும். "நான் யாரையும் ஜட்ஜ் பண்றதில்லை, ஆனா..." என்று ஆரம்பிப்பார். 'ஆனா'வுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் ஆயுள் தண்டனை.

எனக்குத் தெரிந்தவர்களில் இதற்கு முழு லட்சணமும் பொருந்தியவர் மெரிலேண்ட்ஸில் வசிக்கும் சேஷாத்ரி. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மனைவி வைதேகியின் தம்பி மெல்போர்னில் வெரிபீ பக்கம் வீடு வாங்கித் தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் போய்வருகிறானே, ஏன்? பெண்டாட்டி பேச்சைக் கேட்டான், அனுபவிக்கிறான். இவர் அந்த வீட்டைப் பார்த்ததுண்டா? இல்லை. அந்தப் பெண்ணிடம் பேசியதுண்டா? கல்யாணத்தில் ஒருமுறை, அதுவும் பந்தியில். போதாதா?

சாப்பாட்டுக்குப் பிறகு சேஷாத்ரி அமெரிக்க வழக்குகளைப் பார்ப்பார். அங்கே கோர்ட்டுக்குள்ளேயே காமிரா வைத்து ஒளிபரப்புகிறார்கள். அதிலும் அவருக்கு மிகவும் பிடித்தது வழக்கு தொடங்குமுன் ஜூரிகளை, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பன்னிரண்டு சாதாரண ஜனங்களை, பொறுக்கியெடுக்கும் கட்டம். இரண்டு தரப்பு வக்கீல்களும் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, உங்கள் குடும்பத்தில் போலீஸ்காரர் உண்டா, உங்கள் வீட்டில் எப்போதாவது திருடு போனதா, எந்தச் செய்தியைப் படிக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பாரபட்சம் இருப்பதாகத் தெரிந்தால் காரணம் சொல்லி நீக்கலாம், அதற்குக் கணக்கில்லை. அது போக, காரணமே சொல்லாமல் இத்தனை பேரை வேண்டாம் என்று தள்ளவும் ஆளுக்கொரு பங்கு உண்டு. யாரைத் தள்ளலாம் என்று முகத்தைப் பார்த்தே சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் நிபுணர்கள்கூட இருக்கிறார்களாம். இதையெல்லாம் சேஷாத்ரி எங்களுக்கு ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டே கற்பித்திருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆகஸ்டு மாதம் அரசாங்கமே கடிதம் போட்டு, பரமட்டா நீதிமன்றத்துக்கு வந்து ஜூரியாக உட்காரச் சொன்னால் அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? முகம் செத்துவிட்டது. காரணம் எளிது. தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அதற்கு முன்னால் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டுமாம்.

ஆனால் அமெரிக்காவைக் கரைத்துக் குடித்தவரல்லவா? தப்பிக்கும் வழியை அன்றிரவே வகுத்துவிட்டார். கேள்வி கேட்பார்கள், கேட்டதும் நீக்கிவிடுமாறு பதில் சொல்ல வேண்டும். போலீஸ் பொய்யே சொல்லாது என்பது முதல் பதில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் மாம்பலத்தில் தம் பெரியப்பா வீட்டில் பித்தளை அண்டா திருடுபோனதிலிருந்து குற்றவாளிக் கூண்டில் யார் நின்றாலும் தமக்கு அண்டா ஞாபகம் வருகிறது என்பது இரண்டாவது. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று, அண்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தார்.

பக்கத்து வீட்டுத் தாஹிரின் மகள் மின்ஹா வக்கீல். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சொன்னாள்: "அங்கிள், இங்க அமெரிக்கா மாதிரி ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்க. வர ஏலாத காரணம் ஏதும் இருந்தா, ஜட்ஜ் கேக்கிற நேரமே சொல்லிடுங்க." சேஷாத்ரி அவளிடம், நீ வீடியோ பார்ப்பதுண்டா என்று விசாரித்தார். அவள் இல்லை என்றாள். ஐந்து வருஷமாகக் கோர்ட்டுக்கே போய்வருகிறாள், வீடியோ பார்த்ததில்லை. இவளிடம் என்ன பேசுவது என்று உள்ளே வந்துவிட்டார்.

குறித்த நாளில், புரட்டாசி சனிக்கிழமைக்கு மட்டும் வெளிவரும் நாமத்தைப் பளீரென்று நெற்றி முழுக்க இட்டுக்கொண்டு, ஒரு பார்வையிலேயே வேண்டாம் என்று தோன்ற வேண்டும் என்பதற்காகக் கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையோடு கிளம்பிப் போனார். கூட்டத்தோடு கூட்டமாகக் கோர்ட்டுக்குள் அழைத்துப் போனார்கள். இவருக்கு எண் எண்பத்து மூன்று. நீதிபதியம்மாள் வழக்கு இன்னது, சாட்சிகள் இன்னின்னார் என்று சொல்லிவிட்டு, நடுநிலையோடு இருக்க முடியாதவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். நாலைந்து பேர் எழுந்தார்கள். சேஷாத்ரி எழவில்லை. இது வெறும் முன்னுரை, அசல் கேள்விகள் இனிமேல்தான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அண்டா உள்ளே தயாராக இருந்தது.

பெட்டியிலிருந்து எண்களை எடுத்து வாசித்தார்கள். எண்பத்து மூன்றும் வந்தது. போனார், ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. நாற்காலி அவருக்குப் பிடித்துப்போயிற்று. சற்று உயரமான இடம். எதிரே நீதிபதி, கீழே கறுப்பு அங்கியில் வக்கீல்கள், எல்லாரும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். முப்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் செய்துவந்த தொழிலுக்குக் கடைசியில் ஒரு முறையான ஆசனம். தம்மையே ஜூரித் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பட்டது. மற்ற பதினோரு பேரையும் வியாழக்கிழமைக்குள் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றும் பட்டது. அண்டாவை அந்த நிமிஷமே மறந்தார். இதை அவரே பின்னொரு நாள் வாய் தவறி என்னிடம் சொன்னார், அதனால் நிஜம்.

கூண்டில் இருந்தவன் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். யாரையோ அடித்து எலும்பை முறித்ததாக வழக்கு. யாருடையதோ ஒரு கோட்டு வாங்கிப் போட்டிருந்தான், கைகள் விரல் வரை மூடியிருந்தன. அவனுடைய வரப்போகும் வருஷங்கள் இந்தப் பன்னிரண்டு பேர் கையில். ஆகவே அவன் ஒவ்வொரு முகமாக, நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்பதாவது முகத்துக்கு வந்தான். சேஷாத்ரியும் அவனைப் பார்த்தார். நாம் எல்லோரும் ஹரிஸ் பார்க்கில் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பார்வை.

பையன் குனிந்து தன் வக்கீலிடம் ஏதோ சொன்னான். வக்கீல் ஒரே ஒரு சொல் சொன்னார்: "சாலஞ்ச்." அவ்வளவுதான், நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரை இப்படிக் காரணம் சொல்லாமல் விலக்க இங்கேயும் உரிமை உண்டு. அதில் ஒன்றை அந்தப் பையன் இவருக்காகச் செலவழித்துவிட்டான். உட்கார்ந்திருந்தது மொத்தம் அரை நிமிஷம் இருக்கும்.

ஒரு மணிக்கெல்லாம் வீடு திரும்பியவர், தந்திரமாகத் தப்பித்துவிட்டதாக முதல் நாள் எல்லாருக்கும் போன் செய்தார். இரண்டாம் நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் மின்ஹாவின் வீட்டுக் கதவைத் தட்டி, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்றாள் அவள். அமெரிக்காவில் நிறத்துக்காகத் தள்ளினார்கள் என்று சந்தேகம் வந்தால் வக்கீல் காரணம் சொல்லியாக வேண்டும், இது என்ன தேசம் என்று பொரிந்துவிட்டு வந்தார். உள்ளேயிருந்து வைதேகி, "வேண்டாம்னு சொல்லணும்னுதானே அவ்வளவு பெருசா இட்டுண்டு போனேள்?" என்று கேட்டாள். அவர் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஹரிஸ் பார்க் கடையில் சேஷாத்ரி, வைதேகி, நான், பஸ் ஓட்டும் யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதன் எல்லோரும் இருந்தோம். சேஷாத்ரி தீர்ப்பை வாசித்தார்.

"நான் யாரையும் ஜட்ஜ் பண்றதில்லை. ஆனா அவன்தான் பண்ணியிருப்பான். பண்ணாதவன் எதுக்கு என்னைப் பார்த்துப் பயப்படணும்?"

இதன் தர்க்கத்தில் நாங்கள் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தோம். கதிர்காமநாதன் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வழக்கில் நிஜமாகவே ஜூரியாக இருந்தவர். உள்ளே என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லக் கூடாது என்று சட்டம், அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் தேநீரைக் கீழே வைத்தார்.

"நாங்கள் அஞ்சு கிழமை இருந்து கேட்டனாங்கள். முடிஞ்ச பிறகும் எனக்குக் கன நாள் நித்திரை வரேல்லை. நீங்கள் எவ்வளவு நேரம் கேட்டனீங்கள்?"

கேட்கவே விடவில்லையே, அதுதானே என் புகார் என்றார் சேஷாத்ரி. ஒரு கேள்விகூடக் கேட்காமல், தாம் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாமல், முகத்தைப் பார்த்து ஒரு மனுஷனை முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வலித்திருக்கிறது.

வைதேகி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பார்வையை நான் முப்பது வருஷமாப் பார்த்திண்டிருக்கேன். அந்தப் பையனுக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு தரம் வழி இருந்தது."

சொல்லிவிட்டு வெளியே போய்க் காரருகில் நின்றாள். அவர் சிறிது நேரம் கழித்து எழுந்து போனார். அந்தப் பையனின் வழக்கு எப்படி முடிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

சரி, வாசகரே, சேஷாத்ரி எப்படிப்பட்டவர் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வைதேகிக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருப்பீர்கள். வைதேகியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டு அந்தக் கிழவிக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை. போன வருஷம் எங்கள் சங்கத் தலைவர் தேர்தலில் நானும் அவரும் எதிரெதிராக நின்றோம், நான் தோற்றேன் என்பதையும் சொல்லவில்லை. நீங்களும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரே சாட்சி, அதுவும் தோற்றுப்போன சாட்சி, சொன்னதை அப்படியே நம்பி, சிரித்துக்கொண்டே அவரைத் தூக்கில் போட்டுவிட்டீர்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று?