வேடிக்கை பார்க்க மட்டும்

சுற்றுலாப் பயணி என்றால் சுற்ற வேண்டும். இந்த எளிய உண்மை தாய்லாந்தின் அந்த ஆற்றங்கரை எல்லைச் சாவடிக்கு உறைக்கப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

பின்லாந்துக்காரரான வெய்க்கோ அத்தனை ஆண்டுகளும் அங்கே சுற்றுலாப் பயணியாகவே குடியிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேனில் ஏறுவார், பாலத்தைத் தாண்டுவார், லாவோஸ் மண்ணில் ஒரு காப்பி குடிப்பார், திரும்பி வந்து புத்தம்புதுப் பயணியாகிவிடுவார். மற்ற நாளெல்லாம் மனைவி லம்யாயின் நூடுல்ஸ் கடைக்குப் பின்னால் கோழிகளோடு கிடப்பார். குடும்பஸ்தருக்கு வேறு விசா இல்லாமலில்லை. அதற்குக் கேட்ட காகிதங்களைச் சேர்த்து முடிப்பதற்குள், எட்டு வயதில் அவர் கையைப் பிடித்து நடந்த லம்யாயின் மகள் நாம்ஃபோனுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது.

நாளைக் காலை அவளுக்குக் கல்யாணம். மணமகள் மணிக்கட்டில் முதல் வெள்ளை நூலை அப்பா கட்ட வேண்டும். "நீங்கதாம்ப்பா கட்டணும்" என்று ஒரு வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். விசாவோ இன்றோடு முடிகிறது.

வேன் நடத்தும் தியம் அக்கா வழியிலேயே எச்சரித்தாள். "புதுசா சுற்றறிக்கை வந்திருக்கு பெரியப்பா. நெஜமாவே சுத்திப் பாக்குறவங்களைத்தான் உள்ள விடுவாங்களாம். இந்தாங்க, இதை மாட்டிக்கங்க."

யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை. அதை அணிந்தவரே பயணி என்பது உலகம் ஒப்புக்கொண்ட இலக்கணம். வெய்க்கோ மாட்டிக்கொண்டார்.

காப்பி குடித்துவிட்டுத் திரும்பியபோது சாவடியில் உட்கார்ந்திருந்தவர் பிரசோங். தினமும் லம்யாய் கடையில் சாப்பிடுகிறவர். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வேறு. ஆனால் சீருடை போட்டுவிட்டால் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

"பெயர்?"

"என்ன தம்பி, காலையில நாந்தானே உங்களுக்கு சூப்பு ஊத்தினேன்?"

"ஊத்தினீங்களா? அது வேலையாச்சே. பயணி வேலை பாக்கக் கூடாது."

"இல்லல்ல, லம்யாய்தான் ஊத்தினா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"பாத்தா தப்பில்ல." பிரசோங் பக்கத்தைப் புரட்டினார். "நாளைய சுற்றுலா நிகழ்ச்சி?"

"ஒரு கல்யாணம். நீங்களும்தான் வர்றீங்க."

"என்னை விடுங்க. அங்க நீங்க என்ன செய்வீங்க?"

"நூல் கட்டுவேன்."

பேனா நின்றது. "பொண்ணுக்கு முதல் நூலை அப்பால்ல கட்டணும்? நீங்க அப்பான்னா இங்க குடும்பம் இருக்கு. குடும்பம் இருந்தா நீங்க பயணி இல்ல. பயணி இல்லன்னா இந்தக் கதவு தாண்டக் கூடாது. தாண்டாம எப்படிக் கட்டுவீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, பயணி அவர்களே."

வெய்க்கோ திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆறு, அதற்கப்பால் லாவோஸ். சாவடி மூட அரை மணி நேரம் இருந்தது.

"வேடிக்கை பாப்பேன்" என்றார்.

"உள்ளூர்ச் சடங்கைப் பார்வையிடல்" என்று பிரசோங் முத்து முத்தாக எழுதி முத்திரை குத்தினார். "பாத்ததுக்கு அத்தாட்சியா அடுத்த தடவை ஒரு போட்டோ கொண்டாங்க."

மறுநாள் பிரசோங் பட்டுச் சட்டையில் வந்திருந்தார். வெய்க்கோ யானைக் கால்சட்டையோடு தூணோரம் நின்றார். சட்டைப்பையில் நூல் இருந்தது. நாம்ஃபோன் கையை நீட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? போய்க் கட்டுங்க" என்று பல்லைக் கடித்தாள் லம்யாய்.

வெய்க்கோ ஓரடி எடுத்து வைத்தார். பிரசோங் அருகில் வந்து காதோடு சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லல பெரியப்பா. உங்க பொண்ணு, உங்க பிரியம். ஆனா போட்டோ எடுக்கறாங்க. போட்டோ ஃபைலுக்குப் போகும்."

வெய்க்கோ எடுத்த அடியைத் திருப்பி வைத்தார்.

நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவராவது வெய்க்கோவைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கலாம். பிரசோங்கைத் தள்ளினார்கள். இருப்பவர்களில் பெரிய அதிகாரி அவர்தானே! அப்பா உட்கார வேண்டிய பாயில் அவர் அடக்கத்தோடு உட்கார்ந்து முதல் நூலைக் கட்டினார். எல்லோரும் கைகூப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து வெய்க்கோ அந்தப் படத்தைச் சாவடியில் நீட்டினார். பிரசோங் சீருடையில் இருந்தார். படத்தில் எல்லோரும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தூணோரம் சும்மா நின்றார்.

"குறை சொல்ல முடியாத அத்தாட்சி" என்று முத்திரையைத் தூக்கியவர், படத்தை இன்னொரு முறை பார்த்தார். முத்திரை கையிலேயே நின்றது.

"அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"தெரியலீங்களே" என்றார் வெய்க்கோ. "உங்க ஊர் வழக்கமா இருக்கும். நான் சுத்திப் பாக்க வந்தவன்."