சாட்டிலைட்டு அண்ணன் தட்டு மாற்றிய கதை

போடிநாயக்கனூரில் கழுத்து வலிக்கு மருந்து வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சாட்டிலைட்டு அண்ணனால் கெட்டவர்கள். எங்கள் தெருக்காரர். குரங்கணி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பு அவருடையது. பொழுது சாய்ந்து திரும்பும்போது மலைப்பாதையில் திடீரென நிறுத்தி, "எல்லாரும் எறங்கு. சாட்டிலைட்டு வருது" என்பார். "வீட்ல உலை வைக்கணும்ணே" என்று பெண்கள் கெஞ்சினாலும் சாவி அவர் சட்டைப்பைக்குள் போய்விடும்.

இந்த மனிதரை என் நிச்சயதார்த்தத்துக்குக் கூட்டிப்போனது அம்மாவின் யோசனை. எனக்கு அப்பா இல்லை. தட்டு மாற்றப் பெரிய ஆள் ஒருவர் வேண்டும், பெண் வீடு இருக்கும் சிலமலைக்குப் போக ஜீப்பும் வேண்டும். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் இருக்கும். தட்டு பெண்ணின் அப்பா கைக்குப் போக ஒரு சாண் இருந்தபோது சாட்டிலைட்டு அண்ணன் போனில் மணி பார்த்தார். தட்டோடு வாசலுக்கு நடந்தார்.

"மாப்ளே, வெரசா வா. போயிரும்."

தட்டு அவரிடம் இருந்ததால் சபையே பின்னால் போனது. தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

"அதுல லைட்டு போட்ருக்காகளா?" என்றார் பெண்ணின் அப்பா.

"லைட்டெல்லாம் இல்லண்ணே. நமக்குத்தான் பொழுது அடைஞ்சிருச்சு. அம்புட்டு உசரத்துல அதுக்கு இன்னும் வெயிலடிக்குது, அதான் மின்னுது. ஊரு இருட்டுனாலும் மலை உச்சியில வெளிச்சம் நிக்கும்ல, அப்பிடி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, புள்ளி நடுவானில் அணைந்துவிட்டது.

"தட்டு மாத்துற நேரத்துல வெளக்கு அணையுது. இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார் பெண்ணின் அத்தை.

"அணையல ஆத்தா. பூமியோட நெழலுக்குள்ள போயிருச்சு" என்று இவர் சொன்னதை யார் கேட்டார்கள்? கொண்டுபோன தட்டோடு திரும்பினோம். வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கு மட்டும் அவர் ஜீப்பை எங்கும் நிறுத்தவில்லை.

மறுநாளிலிருந்து தோட்டத்துப் பெண்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு, எனக்குத் தெரியாமல், இவர் தினமும் சிலமலையில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "ஆத்தா, வந்து பாருங்க. இன்னைக்கும் அணையும். இன்னைக்கு யாருக்குத் தட்டு மாத்துறாக?" மேகம் மூடினால், "நாளைக்கு வர்றேன்." கதவைச் சாத்தினார்கள். நாயை அவிழ்த்துவிட்டார்கள். அதுவும் அவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தது. கடைசியில் அத்தையே, "அந்தப் பையனுக்கே பொண்ணக் குடுத்துத் தொலைங்கப்பா. இந்த ஆளு வாசல விட்டுப் போனாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் சாயங்காலமானால் எங்கள் கதவைத் தட்டுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்து போகிறேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தாலும், கதவைச் சாத்திய வீட்டுக்கு எனக்காக மறுநாளும் போயிருப்பாரா, தெரியவில்லை.