மூதூர் லோஞ்சின் கயிறு

தோள்மூட்டு இறுகிப்போனால் ஒரு மனிசன் சொந்த வீட்டிலேயே ராசாவாகலாம் என்று உங்களுக்குத் தெரியுமா? மூதூர் பக்கீருக்குத் தெரியும்.

வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாமல் போனதிலிருந்து அவருக்குத் தேங்காய் துருவும் வேலை இல்லை. தண்ணீர் அள்ளும் வேலை இல்லை. தேத்தண்ணி கதிரைக்கே வந்தது. மீனில் முள் எடுத்து, சோற்றைப் பிசைந்தும் வைத்தாள் மனைவி சனூஸா. இந்தச் சுகத்தை யாராவது குணமாக்கிக் கெடுப்பார்களா?

கெடுத்துவிட்டாள், பிசியோ மிஸ் அனுஷியா. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் தொடங்கிய பழக்கம், திருகோணமலையில் இருந்துகொண்டே அவள் மூதூர் ஆட்களுக்குப் போன் வீடியோவில் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். பக்கீரும் செய்தார். ஒருநாள் சனூஸா கடைக்குப் போன நேரம், அலுமாரிக்கு மேலிருந்த தொதல் இனிப்புப் பெட்டியை எட்டப்போனவர், தன் கை காதைத் தாண்டிப் போவதைக் கண்டு பயந்துபோனார். அன்றைக்கே தீர்மானம்: வானம் இடிந்து விழுந்தாலும் யார் கண்ணிலும் இந்தக் கை நெஞ்சைத் தாண்டாது!

"பக்கீர் நானா, கையத் தூக்குங்கோ பாப்பம்," என்றாள் அனுஷியா அடுத்த வீடியோவில்.

"ஆ... ஊ... ஏலாது மிஸ்."

போனுக்குள் அனுஷியா பெருமூச்சு விட்டாள். "பக்கத்தில இருந்தா தொட்டுப் பாத்தே சொல்லிருவன். இதில உங்கட முகத்தைத்தான் நம்போணும். அசைக்காம விட்டா உண்மையாவே இறுகிப்போயிரும், நானா. அக்கா, இஞ்சயிருந்து எனக்கு எட்டாது. நீங்கதான் என்ட கை."

சனூஸா போனை முற்றத்தைப் பார்க்க ஜன்னலில் சாய்த்து வைத்தாள். பக்கீரின் கதிரை கிடந்த முற்றத்துக்கு வந்து, ஈர உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில் குந்தி, காற்றுக்கு அறுந்த கொடிக்கயிற்றை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மிஸ், இவர் முந்தி லோஞ்சில கயிறு எறிஞ்சவர்."

"அப்பிடியா நானா?"

பக்கீருக்கு முகம் மலர்ந்தது. பாலங்கள் வராத காலம் அது. மூதூருக்கும் திருகோணமலைக்கும் நடுவில் கடலில் ஓடின லோஞ்சுப் படகு முட்டச் சனம். கோழி, வெற்றிலைக் கூடை, கச்சேரி அலுவலகத்துக்குப் போகிறவர்களின் மடிப்புக் குலையாத சட்டை. இறங்குதுறை கிட்ட வர எஞ்சின் சத்தம் அடங்கும். எல்லாக் கண்ணும் முன்னால் கயிற்றோடு நிற்கிற பக்கீர் மேலேதான். தையல் படிக்கப் போகிற ஒரு பெட்டை மட்டும் குடைக்குள்ளேயே இருப்பாள். அந்தக் குடைக்காகவே அவர் கயிற்றை ஒரு சுற்றுக் கூடச் சுழற்றுவார்.

"ஒரே எறிதான் மிஸ்! இறங்குதுறைக் கட்டையில போய்க் கொளுவும்!"

"எங்க கொளுவின?" என்றாள் சனூஸா. "மற்ற லோஞ்சில நிண்ட முனாபுட கயிறுதான் கொளுவும். உங்கடது கடலுக்க விழுந்து குளிச்சிட்டு வரும்."

"ஆர் சொன்ன?"

"இறங்குதுறையே சொன்ன."

"முனாப் எறிஞ்சா மாட்டுக் கழுத்தில கூட விழாது!"

"கோவிக்காதீங்க. வயசு போனா எல்லாருக்கும் பழசு பெரிசாத்தான் தெரியும்."

"கொண்டா இஞ்ச!"

மடியிலிருந்த கயிற்றைப் பறித்தார். சுருட்டினார். நுனியில் ஒரு சுருக்குத் தடம் போட்டார். கை தலைக்கு மேலே போனது. ஒரு சுற்று. குடைக்காக இன்னொரு சுற்று. விட்டார். முற்றத்தைத் தாண்டிப் பறந்த கயிறு முருங்கைக் கவட்டில் போய்க் கச்சிதமாகக் கொளுவியது.

போனுக்குள்ளிருந்து கைதட்டல். "நானா! தலைக்கு மேல போயிட்டுது! முழுசாப் போயிட்டுது!"

பக்கீர் கையை மெல்ல நெஞ்சுக்கு இறக்கி, "ஆ... ஊ..." என்று பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை.

சனூஸா சிரித்தாள். "உங்கட கயிறு ஒருநாளும் தவறினதில்ல. குடைக்குள்ளால நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

பக்கீரின் கண் கலங்கிவிட்டது.

"அலுமாரிக்கு மேல தொதலும் தானாக் குறையயில்ல," என்று ஈர உடுப்புக் கூடையை அவர் காலடிக்குத் தள்ளினாள். "கயித்திட மற்றத் தலைப்பையும் கிணத்துத் தூணில கட்டி, இதெல்லாத்தையும் ஒருக்காக் காயப்போட்டுத் தாங்களன்."