மூணுவாசலாரும் என் வீட்டுக்காரரும்

போடிநாயக்கனூரில் பேய்க்குப் பயப்படாத ஆள் உண்டு. மூணுவாசலாருக்குப் பயப்படாத ஆள் கிடையாது. குடியை விடவைக்கும் வைத்தியர் அவர். சொந்தப் பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. குடிகாரனை எதிரே நிறுத்தி, தளும்பத் தளும்ப ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் கொடுப்பார். கை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். முன்பு குடியை விட்டபோது வலிப்பு வந்ததா, வீட்டில் அதட்ட ஆள் உண்டா என்று விசாரிப்பார். பிறகு தெருவே கேட்கக் கத்துவார். "முதல் வாசல்" என்றால், வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் காலையில் வந்து அவரிடம் முகம் காட்ட வேண்டும். "ரெண்டாம் வாசல்" என்றால் அவருடைய மாட்டுக்கொட்டகையில் படுக்கை. "மூணாம் வாசல்" என்றால் பட்டணத்து ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று போனவன் திரும்பி வரமாட்டான் என்று ஊரே நம்பிய காலம் அது.

ஒருமுறை சிலமலைப் பண்ணையார் ஒருவர் தம் வண்டிக்காரனோடு வந்தார். வண்டிக்காரனுக்கு ரெண்டாம் வாசல், பண்ணையாருக்கு முதல் வாசல். வந்ததே கோபம் பண்ணையாருக்கு!

"யோவ், அவனவிட நான் எதுல கொறஞ்சவன்? அவனுக்கு ஊத்திக் குடுத்துப் பழக்குனதே நான்தான்!"

"ஒங்கள அதட்டுறதுக்கு வீட்டுல ஒங்க ஆத்தா இருக்காக. அவன் குடியிருக்கதே சாராயக்கடைக்குப் பின்னாடி. பேசாம வீட்டுக்குப் போங்க."

கௌரவம் விடுமா? பண்ணையார் மெத்தையைக் கொண்டுவரச் சொல்லி, கொட்டகையில் வண்டிக்காரனுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார். மெத்தையின் ஓரத்தை மாடு மென்ற பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனார்.

இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். போடிமெட்டிலிருந்து என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று சிரிப்பெல்லாம் போயிற்று. அவர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. குளிருக்கென்று தொட்ட சாராயம், கண் விழித்ததும் வேண்டும் என்றாகியிருந்தது. அடைமழையில் மலைக்குச் சரக்கு ஏறவில்லை. குடி சட்டென்று நின்றதில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் வெறுஞ்சுவரைக் காட்டி, "எறும்பு! மேல ஏறுது, தட்டி விடுடி!" என்று அலறினார்.

"தூணுல கட்டிப் போட்டா தெளிஞ்சிரும்" என்றார் என் மாமியார்.

"கட்டிப் போட்டா செத்துருவான்" என்றபடி மூணுவாசலார் உள்ளே நுழைந்தார். செம்பைக் கொடுத்தார், அது விழுந்து அடுப்படி வரை உருண்டது. வழக்கமான கத்தலைக் காணோம். "மூணாம் வாசல், ஆத்தா" என்றார் மெதுவாக.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்க கொட்டகையிலயே போடுங்கய்யா, நான் கூட இருந்து பாத்துக்கிறேன். ஆஸ்பத்திரி மட்டும் வேணாம்!"

"கொட்டகையில கஞ்சி இருக்கு, நான் இருக்கேன். வலிப்புக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல ஆத்தா. இப்படித்தான் ஒருத்தன வீட்டுக்குப் போடான்னு அனுப்புனேன். மறுநா அவனப் பாடையில கண்டேன். அழுகாத, வெரசா வண்டியக் கட்டச் சொல்லு!"

வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க மாட்டைத் திட்டினார், பள்ளத்தைத் திட்டினார், என்னையும் திட்டினார். என் வீட்டுக்காரரின் கையை மட்டும் விடவில்லை. பார்த்தால், இவர் கையைவிட மூணுவாசலார் கைதான் அதிகமாக நடுங்கியது.

"அய்யா, ஒங்களுக்குமா பயம்?"

"பயமில்லாமலா ஊரக் கூட்டிக் கத்துறேன்? வாசல மாத்திச் சொல்லிப்புட்டா ஒரு குடும்பமே போச்சே!"

என் வீட்டுக்காரர் பிழைத்தார். தம் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தார். மாமியார் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். "இனிமே நீ முதல் வாசல்! தெனம் வந்து மூஞ்சியக் காட்டணும்!" என்று தெருவில் நின்று ஒரு கத்தல் கத்திவிட்டுப் போனார் மூணுவாசலார்.

பல மாதம் கழித்து ஒரு காலையில், ஜலதோஷம் என்று இவர் போகாமல் இருந்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் மூணுவாசலார் மேல்துண்டுகூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, முகத்தில் ரத்தமே இல்லை. தும்மிக்கொண்டிருந்த இவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சளியா? வெறும் சளிதானா? நல்லாப் பாத்தியா ஆத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சளிதான்யா" என்று சொல்லிச் சுக்குத்தண்ணீர் கொடுத்தேன். எங்கள் அப்பாவுக்குப் பிறகு எனக்காக அப்படி ஓடி வந்த மனுஷர் அவர் ஒருவர்தான்.