சாரங்கு மாமா ஏறிய கப்பல்

அந்தமானில் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். ஓய்வு பெற்ற பிறகும் கப்பலை விட்டு இறங்காதவர் எங்கள் சாரங்கு மாமா ஒருவர்தான். அவரிடம் கப்பல் மட்டும்தான் இல்லை.

சாரங்கு என்றால் கப்பலில் மாலுமிகளை மேய்ப்பவர். தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் முப்பது வருடம் மேய்த்துவிட்டு, கராச்சர்மாவில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். கழுத்தில் எப்போதும் விசில். தெருமுனையில் பஸ் கிளம்பினால், கயிற்றை அவிழ்த்துவிட்டதாக டிரைவருக்குக் கை காட்டுவார். அவர் காட்டாமல் பஸ்ஸை எடுத்த டிரைவர் விசில் வாங்காமல் போனதில்லை. ஆனால் நிஜக் கப்பலில் மட்டும் ஏற மாட்டார்.

"முப்பது வருசம் ஆட்டுனது போதும் தாயி. இனி அதுல கால் வைக்க மாட்டேன், மாதா மேல சத்தியம்" என்பார்.

சில வருடங்களுக்கு முன் என் கணவருக்கு, கப்பலில் போக வேண்டிய ஹட் பேவுக்கு மாற்றலானது. கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கப்பல் ஏணியைப் பார்த்ததும் ஐந்து வயது சஞ்சு, கப்பல்துறை ஜெட்டியின் கம்பியைக் கட்டிக்கொண்டு அலறினான். கையைப் பிரிக்க மூன்று பேர் போராடியும் முடியவில்லை. முன்பே ஏற்றிவிட்ட எங்கள் பெட்டி மட்டும் ஒழுங்காக ஹட் பே போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்த என் கணவர் பெட்டியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்கு மாதம் வீடியோ காலிலேயே குடித்தனம். மூன்று வயது அம்மு, போனைத்தான் அப்பா என்று நினைக்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோடை விடுமுறை வந்தது. மாமாவே விடியற்காலையில் வரிசையில் நின்று, வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு எங்கள் மூவருக்கும் டிக்கெட் வாங்கி வந்தார். "பயலுக்கு டிரெயினிங் குடுத்துருவோம்" என்றார்.

திங்கட்கிழமை என் வீட்டு வராந்தா கப்பலானது. படியில் சாய்த்த பலகை, ஏணி. தெருப்பிள்ளைகள் எட்டுப் பேர் பயணிகள். என் ஐந்து தலையணைகளும் துப்பட்டாக்களும் லைஃப் ஜாக்கெட். எந்நேரமும் கத்திக்கொண்டிருந்த அம்முவுக்குக் கேப்டன் பதவி. பெஞ்சின் ஒரு முனையை மாமா தூக்கித் தூக்கி இறக்குவார், அது அலை.

"அரே, லைனா நில்லுங்கலே! ஜல்தி, ஜல்தி!"

நான் கேன்டீன். விசில் அடித்ததும் பூரி வர வேண்டும்.

"பூரி கஹாங் ஹை? கேன்டீன் லேட்!" என்று எட்டு வாண்டுகளும் தட்டைத் தட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிப்பதா, மாவு பிசைவதா?

வியாழக்கிழமைக்குள் சஞ்சு பலகையில் ஓடியே ஏறினான். எல்லோரும் ஏறிய பிறகு மாமா கடைசியாக ஏறி, கயிறு அவிழ்ப்பார். ஒத்திகையில் கோளாறு அங்கேதான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வழியனுப்ப மாமாவும் லுங்கியோடு ஜெட்டிக்கு வந்தார். சஞ்சு சமர்த்தாகப் பாதி ஏணி ஏறி, நின்று திரும்பினான்.

"சாரங்கு தாத்தா ஏறல. தாத்தா நஹி ஆயா தோ நானும் வர மாட்டேன்!"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்குக் கிறிஸ்துமஸ் லீவும் பெட்டியும் கண்முன்னே வந்தன. மாமா ஒரு நிமிடம் கப்பலை முறைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். டிக்கெட் பார்ப்பவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு, ஏறிவிட்டார். பழைய பழக்கம், டிக்கெட் இல்லாமலே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் நகர்ந்ததும் சஞ்சுவின் உதடு பிதுங்கியது. அதற்குள் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ மக்கா, எனக்கு ஒமட்டுதுலே!" என்று சுருண்டார். சஞ்சு அழுகையை மறந்து பிளாஸ்டிக் பையைப் பிடித்தான், முதுகைத் தடவினான், புளிப்பு மிட்டாய் ஊட்டினான். வழி நெடுக அவனுக்கு ஓயாத வேலை.

ஹட் பே ஜெட்டியில் என் கணவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். சஞ்சு மாமாவை மெல்ல நடத்திக் கூட்டிவந்து அந்தக் கைகளில் ஒப்படைத்தான்.

"அப்பா, தாத்தாவுக்குக் கப்பல்னா பயம். கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

அம்மு போனைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

மாற்றுத் துணி இல்லாமல் வந்த மாமாவின் சட்டையை அன்று மாலை நான்தான் துவைத்தேன். பையில் மடித்த டிக்கெட் ஒன்று இருந்தது. அவர் பெயர். எங்கள் டிக்கெட்டுகளுக்கு அடுத்த எண். அப்போதுதான் யோசித்தேன்: கடல் அன்று தொட்டித் தண்ணீர் போலக் கிடந்தது. சஞ்சு பிடித்திருந்த பையும் கடைசிவரை காலியாகத்தான் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட்டைத் துடைத்துக் காயவைத்து, சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தேன். மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அதன் பிறகு, அவர் விசில் அடித்து எங்கள் வீட்டுக் கேன்டீன் ஒரு நாளும் லேட் ஆனதில்லை.